பென்டிரைவுக்குள் தொலைந்த மயில்

எம்பிராய்டரி மெஷினுக்குப் போகும் டிஎஸ்டி கோப்பு ஒன்றை நோட்பேடில் திறந்தால், பெரும்பாலும் புரியாத குறிகள்தான் கொட்டும். முதல் சில வரிகள் மட்டும் படிக்கும்படி இருக்கும். எல்ஏ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் டிசைனின் பெயர், எஸ்டி என்பதற்குப் பின்னால் மொத்தம் எத்தனை தையல், சிஓ என்பதற்குப் பின்னால் எத்தனை முறை நூல் மாறும், பிறகு தொடங்கும் புள்ளியிலிருந்து நான்கு திசையிலும் டிசைன் எவ்வளவு தூரம் போகிறது என்ற அளவு. அவ்வளவுதான். 512 பைட் கொண்ட இந்த முகப்பில் பெயருக்குக் கிடைப்பது 16 எழுத்து. மயிலா, மாங்காயா, பள்ளிக்கூடச் சின்னமா என்று விளக்க இடமில்லை. நூல் சிவப்பா பச்சையா என்பதும் அதில் கிடையாது.

மெஷினுக்கு அதெல்லாம் தேவையும் இல்லை. ஊருக்குப் புதியவருக்கு வழி சொல்வதுபோல, 'இத்தனை தூரம் வலப்பக்கம் போ, ஊசியை இறக்கு, இத்தனை தூரம் மேலே போ, இறக்கு' என்று ஒவ்வொரு தையலுக்கும் 3 பைட்டில் ஒரு கட்டளை. ஜப்பானின் தஜிமா நிறுவனத்து மெஷின்களோடு வந்த இந்த முறை, ஓட்டை போட்ட காகித நாடாவில் டிசைனைப் பதிந்த காலத்தின் மிச்சம். 1, 3, 9, 27, 81 என்ற ஐந்து எண்களைக் கூட்டியும் கழித்தும்தான் அதில் எல்லாத் தூரமும் சொல்லப்படுகிறது. எல்லாவற்றையும் கூட்டினால், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் 121. அதனால்தான் ஒரே தையலில் ஊசி எந்தத் திசையிலும் 12.1 மில்லிமீட்டருக்கு மேல் பக்கவாட்டிலோ மேல்கீழாகவோ நகர முடியாது. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் தைக்காமல் தாவ வேண்டும்.

மனிதக் கண்ணுக்குத் தேவையான எதையும் இந்தக் கோப்பு தூக்கிக்கொண்டு வருவதில்லை. ஆயிரக்கணக்கில் டிசைன் சேர்த்து வைத்திருப்பவர்களின் தலைவலி தொடங்குவது இங்கேதான். போட்டோவாக இருந்தால் கம்ப்யூட்டர் திரையில் சின்னச் சின்னப் படமாக வரிசை கட்டி நிற்கும். கல்யாணப் படத்தையும் சுற்றுலாப் படத்தையும் பெயர் இல்லாமலே பிரித்துவிடலாம். டிஎஸ்டி கோப்புகளோ ஒரே மாதிரி வெள்ளைச் சதுரங்களாக நிற்கும். அவற்றைப் படமாகக் காட்டத் தனி மென்பொருள் வேண்டும்.

சேர்ப்பதோ மிகச் சுலபம். 20,000 தையல் கொண்ட ஒரு பின்கழுத்து டிசைன் சுமார் 60 கேபிதான் இருக்கும். 16 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் அப்படி 2.5 லட்சத்துக்கும் மேல் அடங்கும். நிமிடத்துக்கு 800 தையல் போடும் ஒற்றைத் தலை மெஷினில் ஒரு டிசைன் முடிய 25 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் ஓட்டினாலும் அந்தப் பென்டிரைவைத் தைத்து முடிக்க 43 வருடத்துக்கு மேல் ஆகும். நூல் மாற்றும் நேரமும், அறுந்த நூலைக் கோக்கும் நேரமும் இதில் சேரவில்லை. 'ஒரு லட்சம் டிசைன் உள்ள பென்டிரைவ்' என்று விளம்பரம் செய்பவர்கள் விற்பது டிசைனை அல்ல, எண்ணிக்கையை.

பிளவுஸ் எம்பிராய்டரி கடைக்கு வருகிறவர் எண்ணிக்கை கேட்டு வருவதில்லை. "அக்கா, போன மாசம் எங்க அண்ணி பிளவுஸுக்குப் போட்டீங்களே, அந்த மயில்... அதையே கொஞ்சம் சின்னதா போட முடியுமா?" என்று வருகிறார். இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான படத்தை நீட்டுகிறார். அந்த மயில் கடைக்காரரிடம் நிச்சயம் இருக்கும். 'நியூ ஃபோல்டர் 3'க்குள் இருக்கும் 'பிளவுஸ் ஆல்' என்ற ஃபோல்டருக்குள், எண்ணை மட்டும் பெயராகக் கொண்டு, அதே எண் உள்ள வேறு மூன்று டிசைன்களோடு இருக்கும்.

இதற்குத் தீர்வு தேடுபவர்கள் முதலில் செய்வது பொருள்வாரியாகப் பிரிப்பது: பூ, பறவை, சாமி, யானை. பார்க்க அழகாக இருக்கும், வேலைக்கு ஆகாது. அன்னமும் தாமரையும் சேர்ந்த டிசைன் பறவையிலா பூவிலா? இரண்டிலும் ஒரு நகல் போட்டால், நாளைக்கு ஒன்றைத் திருத்தும்போது இன்னொன்று பழையதாகவே கிடக்கும். அடுக்கும் முறையை, ஆள் எந்தக் கேள்வியோடு வருகிறார் என்பதிலிருந்து தொடங்குவதே நல்லது. பிளவுஸ் கடையில் முதல் கேள்வி இடம்: பின்கழுத்தா, முன்கழுத்தா, கையா, பார்டரா, புட்டாவா. கழுத்துக்கு வரைந்த டிசைனைக் கையில் போட முடியாது என்பதால் இந்தப் பிரிவில் குழப்பம் வராது. திருப்பூரில் பனியன் துணிக்கு லோகோ போடும் ஜாப் ஒர்க் யூனிட்டில் முதல் கேள்வி பார்ட்டியின் பெயர், அடுத்தது ஸ்டைல் நம்பர்; அங்கே பூவா பறவையா என்று யாரும் கேட்பதில்லை. வீட்டில் ஒரு சின்ன மெஷின் வைத்துக் குழந்தை ஃபிராக்குக்கும் தலையணை உறைக்கும் போடுபவருக்கோ ஃபிரேம் அளவுதான் எல்லை. 100-க்கு 100 மில்லிமீட்டர் ஃபிரேம் மட்டும் இருக்கும் மெஷினில் 130-க்கு 180 டிசைன் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெறும் பொம்மை.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆறு அடுக்கு போடுகிறவர்கள் உண்டு. இரண்டு அடுக்குக்கு மேல் போவது, தேடும் வேலையை நடக்கும் வேலையாக மாற்றுவதுதான். மிச்சத்தைக் கோப்பின் பெயர் சுமக்கட்டும். போட்டோவுக்கும் பாட்டுக்கும் உள்ளதுபோல டிஎஸ்டி கோப்புக்குக் குறிச்சொல் ஒட்ட விண்டோஸில் வசதி இல்லை என்பதால், கம்ப்யூட்டரின் தேடல் பெட்டிக்குக் கிடைக்கும் ஒரே பிடி பெயர்தான். கடையின் வரிசை எண், இடம், உருவம், அளவு, நூல் எண்ணிக்கை என்ற ஒழுங்கில் '0412_பின்கழுத்து_மயில்_130-180_6நூல்' என்று வைத்தால், 'மயில்' என்று அடித்தாலும் வரும், '130-180' என்று அடித்தாலும் வரும். அன்னமும் தாமரையும் சேர்ந்த டிசைனுக்கு இரண்டு சொல்லையும் பெயரில் போட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்தது. எண்ணை 412 என்று எழுதாமல் 0412 என்று எழுதுவதற்கும் காரணம் உண்டு: சில மெஷின்களும் மென்பொருட்களும் 1, 10, 100, 2 என்ற வரிசையில் அடுக்கிவிடும்.

ஒரு சங்கடம். இந்தப் பெயரைத் தமிழ் எழுத்தில் வைத்தால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும். மெஷின் பெரும்பாலும் ஏற்காது. பிரதர் மெஷின்களின் கையேடுகளே 26 ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு, அடிக்கோடு இவற்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கின்றன. எனவே 'மயில்' என்பதை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டியிருக்கும். எப்படி அடிப்பது என்று ஒருமுறை முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். மாங்காயை ஒருவர் ஒரு விதமாகவும் அடுத்தவர் இன்னொரு விதமாகவும் அடித்தால், ஒரே கடையில் இரண்டு மாந்தோப்பு வளர்ந்துவிடும்.

படம் காட்டும் மென்பொருட்களில் பைசா செலவில்லாதவையும் உண்டு. வில்காம் நிறுவனத்தின் ட்ரூசைசர் கோப்பைத் திறந்து காட்டும், வேறு வடிவத்துக்கு மாற்றித் தரும். இங்க்ஸ்கேப்போடு சேர்ந்து இயங்கும் இங்க்/ஸ்டிச் முழுக்கத் திறந்த மூல மென்பொருள்; தையல் போகும் வழியை ஓட்டியும் காட்டும். காசு கொடுத்து வாங்குவதில் ஸ்லோவாக்கியாவிலிருந்து வரும் எம்பேர்ட், பெரிய சேமிப்பு வைத்திருப்பவர்களிடையே பல வருடமாகப் பெயர் பெற்றது. எதை வைத்திருந்தாலும், ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு ஜேபிஜி படத்தை எடுத்து அதே பெயரில் பக்கத்திலேயே போட்டு வைப்பது இன்னொரு வகையில் உதவும். படத்தை போனுக்கு அனுப்பலாம். வாடிக்கையாளருக்குப் படம் மட்டும் போகும், டிசைன் போகாது.

கம்ப்யூட்டருக்கு முன்பும் இந்தப் பிரச்சினை இருந்தது. சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் நகரம் 19-ஆம் நூற்றாண்டில் மெஷின் எம்பிராய்டரியின் தலைநகராக இருந்தது; அந்த வட்டாரத்தைச் சேர்ந்த ஐசக் குரோப்லி 1863-இல் உருவாக்கிய ஷிஃப்லி மெஷின்தான் தொழிலைப் புரட்டிப்போட்டது. அந்த ஊர் ஜவுளி அருங்காட்சியகத்தின் நூலகத்தில் தைத்த துண்டுகளை ஒட்டி வைத்த தடிமனான மாதிரிப் புத்தகங்களை இன்றும் காணலாம். நம் ஊர் எம்பிராய்டரி கடைகளின் மேஜையில் கிடக்கும் ஆல்பத்துக்கு அதுவே பாட்டி. அந்த ஆல்பத்தில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே கோப்பின் வரிசை எண்ணை எழுதி வைத்த கடையில் தேடும் வேலை நொடியில் முடிகிறது. எழுதாத கடையில் ஆல்பம் வெறும் அலங்காரம்.

பழைய குவியலைச் சுத்தம் செய்யும்போது முதலில் கண்ணில் படுவது இரட்டைகள். ஒரே டிசைன் நான்கு பென்டிரைவிலிருந்து நான்கு பெயரில் வந்திருக்கும். பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருப்பவற்றை, நகல் தேடும் எந்த மென்பொருளும் பிடித்துவிடும். கோப்புக்குள் இருக்கும் முகப்பு கொஞ்சம் மாறியிருந்தால் அது ஏமாந்துபோகும். அங்கே உதவுவது முதலில் சொன்ன அந்தச் சில வரிகள். தையல் எண்ணிக்கையும் நான்கு பக்க அளவும் அப்படியே பொருந்தினால் அநேகமாக ஒரே டிசைன்தான். 18,437 தையல் கொண்ட இரண்டு வேறு டிசைன்கள், அதே நீள அகலத்தில் தற்செயலாக அமைவது அபூர்வம்.

ஒரே டிசைன் டிஎஸ்டியாகவும், பிரதருக்கான பெஸ் கோப்பாகவும், ஜனோமுக்கான ஜெஃப் கோப்பாகவும் இருப்பது வேறு விஷயம். அவை இரட்டைகள் அல்ல. பெஸ்ஸிலும் ஜெஃப்பிலும் நிறக் குறிப்பு இருக்கும். பெஸ் கோப்பில் மெஷின் திரைக்கென்று 48-க்கு 38 புள்ளி அளவில் ஒரு குட்டிக் கறுப்பு வெள்ளைப் படம்கூட உண்டு. டிஎஸ்டியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தால் நிறம் போச்சு. டிசைன் விற்பவர்கள் கூடவே ஒரு பிடிஎஃப்பில் நிறப் பட்டியல் தருவது அதனால்தான். பலரும் முதலில் தூக்கி எறிவதும் அந்தப் பிடிஎஃப்பைத்தான்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே காக்க வேண்டியது மூலக் கோப்பு. பஞ்சிங், அதாவது படத்தைத் தையலாக மாற்றும் வேலை செய்பவர், வில்காம் மென்பொருளில் வரைந்திருந்தால் அது இஎம்பி என்ற வடிவில் இருக்கும். அதில் இதழ், தண்டு, எழுத்து என்று உருவங்களாகவே இருப்பதால், பெரிதாக்கினால் தையலும் கூடும், சின்னதாக்கினால் குறையும். டிஎஸ்டியில் உருவம் இல்லை, ஊசி விழும் புள்ளிகள் மட்டுமே. அதை நூற்றுக்குப் பத்து, பதினைந்துக்கு மேல் சுருக்கினால் அத்தனை தையலும் சின்ன இடத்தில் நெருக்கியடித்து, துணி சுருங்கும், ஊசி ஒடியும். 'கொஞ்சம் சின்னதா' என்று கேட்ட அந்த வாடிக்கையாளருக்கு ஆம் என்று சொல்ல முடியுமா என்பது மூலம் கையில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பஞ்சிங்குக்குப் பணம் கொடுக்கும்போதே இஎம்பி கோப்பையும் கேட்டு வாங்காதவர்கள், அடுத்த முறை அதே டிசைனுக்கு இரண்டாவது தடவை பணம் கொடுக்கிறார்கள்.

தைத்துப் பார்த்ததும் பார்க்காததும் ஒரே ஃபோல்டரில் இருக்கக் கூடாது என்பது, அனுபவம் உள்ள யூனிட்டுகள் கறாராகக் கடைப்பிடிக்கும் பழக்கம். புதிதாக வந்தவை 'வரவு' என்ற தனி இடத்தில் நிற்கும். வீணான துணியில் ஒருமுறை தைத்து, நூல் அறுகிறதா, ஓரம் விலகுகிறதா என்று பார்த்த பிறகே எண் கிடைக்கும். அப்போதே ஒரு எக்செல் தாளில் நாலு வார்த்தை: எந்தத் துணி, அடியில் எத்தனை பேப்பர், 75/11 ஊசியா 90/14-ஆ, எந்தக் கம்பெனி நூல், என்ன ஷேட் நம்பர், ஜரி போட்டபோது வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்ததா. ஆறு மாதம் கழித்து அதே மணப்பெண்ணின் தங்கைக்கு அதே நிறத்தில் கேட்டு வரும்போது, பட்டு நூல் டப்பாக்களைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் வேலை மிச்சம்.

டிசைன் எங்கிருந்து வந்தது என்பதையும் அதே தாளில் ஒரு பத்தியில் குறிக்கலாம். வெளிநாட்டு விற்பனையாளர்கள் பலர், சொந்த உபயோகத்துக்கு மட்டும், விற்கும் துணியிலும் போடலாம், கோப்பை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று விதவிதமான நிபந்தனைகளோடு விற்கிறார்கள். இந்தியச் சட்டத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவின்படி, 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத் தக்க ஒரு வடிவம் பதிவாகாமல் இருந்து, உரிமையாளரோ அவர் அனுமதித்தவரோ அதைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருள்களில் போட்டுவிட்டால், அதன் பதிப்புரிமை முடிந்துபோகும். சொந்தமாக டிசைன் உருவாக்கி விற்பவர்கள் எது எப்போது வரைந்தது, எத்தனை உருப்படிக்குப் போனது என்று கணக்கு வைக்க இது போதுமான காரணம். பெரிய கம்பெனிகளின் லோகோவும் கார்ட்டூன் பொம்மைகளும் இதில் சேராது. அவற்றுக்கு வர்த்தக முத்திரைச் சட்டம் வேறாகக் காத்திருக்கிறது. நீலகிரித் தோடர்களின் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு தோடர் பெண்கள் கையால் நெய்வதுபோல் போடும் தையலுக்கு உரியது. சிவப்பு கறுப்புக் கோடுகளைப் பார்த்து வரைந்த மெஷின் டிசைனுக்கு 'தோடா' என்று பெயர் வைத்து அடுக்கினால், அந்தப் பெயரே பில்லிலும் ஏறிவிடும் ஆபத்து உண்டு.

மெஷினில் செருகும் பென்டிரைவைச் சேமிப்புக் கிடங்காக நினைக்கக் கூடாது. அன்றைக்குத் தைக்க வேண்டியதை மட்டும் அதில் போட்டு, வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். நூற்றுக்கணக்கில் கோப்பு இருந்தால் மெஷினின் சின்னத் திரையில் பக்கம் பக்கமாகத் தள்ளியே நேரம் போகும். எண்ணெயும் நூல் தூசியும் பறக்கும் இடத்தில் பென்டிரைவின் ஆயுளும் குறைவு. மொத்தச் சேமிப்புக்கு, அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் குரோ பரப்பிய மூன்று, இரண்டு, ஒன்று என்ற கணக்கு இங்கேயும் பொருந்தும்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று கடைக்கு வெளியே. டிசைன் கோப்புகள் அவ்வளவு சின்னவை என்பதால், இணையச் சேமிப்பில் இலவசமாகத் தரும் சில ஜிபியிலேயே ஒரு கடையின் தைத்துப் பார்த்த டிசைன்கள் எல்லாம் அடங்கிவிடும்.

இன்னும் ஃபிளாப்பியில் டிசைன் வைத்திருக்கும் பழைய யூனிட்டுகளும் இருக்கின்றன. 1.44 எம்பி கொள்ளும் அந்தத் தட்டுகளின் காந்தப் பூச்சு ஈரத்திலும் பூஞ்சையிலும் கெட்டுவருகிறது. மெஷினின் ஃபிளாப்பி இடத்தில் பொருத்தி யுஎஸ்பியை ஏற்க வைக்கும் கருவி சந்தையில் கிடைக்கிறது, மெஷின் பிழைத்துக்கொள்ளும். தட்டில் உள்ளதைப் படிக்க மட்டும் யுஎஸ்பியில் செருகும் ஃபிளாப்பி டிரைவ் ஒன்று தனியாக வேண்டும். படிக்க முடிகிற தட்டுகளை இப்போதே கம்ப்யூட்டருக்கு மாற்றி, எட்டு எழுத்துக்குள் நறுக்கி வைத்த பழைய பெயர்கள் என்ன டிசைன் என்பதை, அவற்றைத் தைத்த ஆப்பரேட்டர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.