பதிவு ஒருவரிடம், புழக்கம் ஒருவரிடம்

பாரூர், போச்சம்பள்ளி பக்கத்திலிருந்து மாம்பழக் கூழும் மசாலாப் பொடியும் ஓசூர் தாண்டிப் போகின்றன. பெங்களூர் பாக்கெட்டுகள் நம் கடைகளுக்கு வருகின்றன. சரக்கோடு பெயர்த் தகராறும் எல்லை தாண்டுகிறது. நாம் ஆண்டுக்கணக்கில் விற்ற பெயரை வேறொருவர் பதிவு செய்துகொண்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால், பயந்துபோய் அச்சடித்த கவர்களையெல்லாம் எடைக்குப் போட்டுவிடுகிறோம். பதிவுச் சான்றிதழ் பெரிய ஆயுதம்தான். ஆனால் பெயரைப் பதிவு செய்துவிட்டுச் சும்மா வைத்திருப்பவரைச் சட்டம் அப்படியே விட்டுவிடுவதில்லை.

நமக்குப் பக்கத்து உதாரணம் நந்தினி. கர்நாடக பால் கூட்டமைப்பு 1985 முதல் இந்தப் பெயரில் பால் விற்கிறது. பெங்களூரில் நந்தினி டீலக்ஸ் உணவகம் 1989-ல் தொடங்கியது. உணவகத்தார் இறைச்சி, மீன், காபி, டீ போன்றவற்றுக்கும் அந்தப் பெயரைப் பதியக் கேட்டபோது, அதே வகுப்பில் தங்கள் பெயர் இருக்கிறது என்று கூட்டமைப்பு எதிர்த்தது. மேல்முறையீட்டு வாரியமும் கர்நாடக உயர் நீதிமன்றமும் கூட்டமைப்பின் பக்கம் நின்றன. உச்ச நீதிமன்றம் 26.7.2018-ல் அதை மாற்றியது. ஒரு வகுப்பில் பதிந்துவிட்டதாலேயே, தான் விற்காத பண்டத்துக்கும் சேர்த்து ஏகபோகம் கேட்க முடியாது. நந்தினி என்பது தெய்வத்தின் பெயர், பசுவின் பெயர். உணவகத்தார் அதைக் கெட்ட எண்ணத்தோடு எடுத்ததாகச் சொல்ல முடியாது என்றது. பால், பால் பொருள்களை மட்டும் உணவகத்தார் விட்டுக்கொடுத்தார்கள். நம் பார்வையில் இது நியாயமான பங்கீடு.

இதற்கு வழி காட்டியது 1996-ல் வந்த சார்மினார் தீர்ப்பு. ஐதராபாத் வசீர் சுல்தான் கம்பெனி விற்றது சிகரெட். பதிந்திருந்ததோ புகையிலைப் பொருள் முழுவதற்கும். வாயில் போடும் ஜர்தாவுக்கு இன்னொரு வியாபாரி அதே பெயரைக் கேட்டபோது, கம்பெனி ஜர்தா பக்கமே போனதில்லை என்பது தெரிந்தது. அதன் பதிவு சிகரெட் அளவுக்குக் குறுகியது.

1999-ம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 47-வது பிரிவு இதற்கானது. உபயோகிக்கும் உண்மையான எண்ணமே இல்லாமல் பதிந்து, உபயோகிக்கவும் இல்லையென்றால் பெயரை நீக்கக் கேட்கலாம். பதிவேட்டில் ஏறியதிலிருந்து 5 ஆண்டும் 3 மாதமும் ஆகியும் உபயோகிக்காமலே கிடந்தால், எண்ணத்தைப் பற்றிய கேள்வியே வேண்டாம். இறக்குமதிக் கட்டுப்பாடு போன்ற விசேஷ சூழ்நிலைக்கு விலக்கு உண்டு. சென்னை அடிசன்ஸ் பெயிண்ட் கம்பெனி தொடுத்த வழக்கில் ஆஸ்திரேலியக் கம்பெனி 2003-ல் தப்பியது அப்படித்தான். வியாபாரம் மந்தம் என்பது போதாது.

34-வது பிரிவு முதலில் புழங்கியவரைக் காப்பாற்றுகிறது. ஆனால் எதிராளி உபயோகிக்கத் தொடங்கிய தேதி, அவருடைய பதிவுத் தேதி, இரண்டுக்கும் முன்பிருந்தே நீங்கள் இடைவிடாமல் விற்றிருக்க வேண்டும். 1992-ல் விண்ணப்பித்து 2004-ல்தான் விற்பனைக்கு வந்த ரோஃபால் மருந்துக்கு எதிராக, 1998-லேயே கடைக்கு வந்த புரோஃபால் பக்கம் உச்ச நீதிமன்றம் 2015-ல் நின்றது உண்மை. அது இடைக்காலத் தடை பற்றிய உத்தரவு. அதை மட்டும் நம்பி விண்ணப்பிக்காமல் இருப்பது புத்திசாலித்தனமல்ல.

தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் பதிவகம் ஒன்றே, சென்னை கிண்டியில் இருக்கிறது. மேல்முறையீட்டு வாரியம் 2021-ல் கலைக்கப்பட்டதால், நீக்கல் மனுவை இப்போது பதிவாளரிடமோ உயர் நீதிமன்றத்திலோ கொடுக்க வேண்டும். எங்கே போனாலும் முதலில் கேட்பது பழைய பில்லைத்தான். தேதியும் பெயரும் தெரியும் பில், அச்சகத்தார் கொடுத்த கவர் ரசீது, லாரி ரசீது, நோட்டீஸ் விளம்பரம் எல்லாம் அதில் அடங்கும். கணக்கு முடிந்ததும் இவற்றைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுகிறோமே, இந்த ஆண்டு ஒவ்வொன்றிலும் இரண்டையாவது எடுத்துத் தனிக் கோப்பில் வையுங்கள்.