வண்டின் கவசத்தைக் கரைக்கும் பூசணம்

பூச்சிகளுக்கும் நோய் உண்டு. அந்த நோய்க் கிருமிகளில் பெரும்பாலானவை வாய் வழியாகத்தான் உள்ளே போகும். தீனியோடு கலந்து வயிற்றில் இறங்கினால்தான் அவற்றின் ஆட்டம் தொடங்கும். பூசணத்தின் வழியே வேறு. பூச்சி தின்றாலும் சரி, பட்டினி கிடந்தாலும் சரி. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு, ஓட்டைத் துளைத்து நேரே உள்ளே புகுந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு வித்து, கல் போன்ற ஓட்டை எப்படித் துளைக்கிறது?

காளானில் கண்ட பொருள்

வண்டின் ஓட்டுக்கு மேலே மெழுகுப் பூச்சு இருக்கிறது. அதன் கீழே புரதம். அந்தப் புரதத்துக்குள், சிமெண்டுக்குள் இரும்புக் கம்பி பதித்தாற்போல, 'கைட்டின்' என்னும் நார்கள். 1811-ல் பிரெஞ்சு ரசாயன அறிஞர் பிராகொனோ இந்தப் பொருளை முதலில் கண்டது வண்டில் அல்ல, காளானில்! 1823-ல் ஓடியே என்பவர் வண்டின் ஓட்டிலும் இதைக் கண்டு பெயர் சூட்டினார்.

ஆக, கைட்டினை வெட்டப் புறப்படும் பூசணத்தின் சுவரிலும் கைட்டின் இருக்கிறது. வாளை வீசும்போது தன் சட்டை கிழியாமலும் அது பார்த்துக்கொள்ள வேண்டும்!

ஈரம் பட்டதும் வித்து முளைக்கிறது. முளையின் நுனி விரிந்து ஓட்டை இறுகப் பற்றுகிறது. அங்கிருந்து ஊசிபோல் ஒரு கிளை கீழே அழுத்துகிறது. கூடவே 'என்ஸைம்' எனப்படும் நொதிகள் சுரக்கின்றன. மெழுகுக்கு ஒன்று, புரதத்துக்கு ஒன்று, கைட்டினுக்கு ஒன்று.

இதில் ஒரு வரிசை உண்டு. 1980-களில் இங்கிலாந்தின் பாத் சர்வகலாசாலையில் செயின்ட் லெகர், சார்ன்லி, கூப்பர் ஆகிய மூவரும் அதை ஆராய்ந்தார்கள். புரதத்தைக் கரைக்கும் நொதி ஒரு நாளுக்குள் வந்துவிடுகிறது. கைட்டினை வெட்டும் 'கைட்டினேஸ்' சில நாட்கள் கழித்துத்தான் தலைகாட்டுகிறது. மேலே மூடியுள்ள புரதம் அகன்றால்தானே நாரை வெட்ட முடியும்?

கைட்டினேஸிலும் இரண்டு தினுசு. ஒன்று நாரை நடுவே துண்டாக்கும். மற்றொன்று நுனியிலிருந்து கொறித்துக்கொண்டே வரும். கடைசியில் மிஞ்சும் சர்க்கரைப் பொருளைப் பூசணமே தின்றுவிடுகிறது. கதவை உடைத்த திருடன் கதவையே சாப்பிட்ட கதைதான்! துணுக்குகள் சிறிதளவு வந்தால் நொதி மேலும் சுரக்கும்; ஏராளமாகக் குவிந்துவிட்டால் சுரப்பது நின்றுவிடும். சரக்குத் தேங்கினால் ஆலையை நிறுத்துவதில்லையா, அப்படி.

நண்பனும் இதுவே, பகைவனும் இதுவே

பூசணத்துக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்ற பேதம் கிடையாது. இத்தாலியில் பட்டுப்புழுக்கள் சுண்ணாம்புக் கட்டி போல் விறைத்து வெளுத்துச் செத்து, வளர்ப்போரின் வயிற்றில் அடித்தன. அதற்குக் காரணம் ஒரு பூசணமே என்று 1835-ல் அகஸ்டினோ பாஸி நிரூபித்தார். அந்தப் பூசணம் இன்று அவர் பெயரையே தாங்கி, 'பவேரியா பாஸியானா' என வழங்குகிறது. மல்பெரித் தோட்டத்துக்குப் பக்கத்தில் அதைத் தெளிப்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

இந்தப் பகைவனை நண்பனாக்க முயன்றவர் மெச்னிகாஃப். 1879-ல் ஒடெஸ்ஸாவில், கோதுமையை அழித்த வண்டுகளின் மேல் பச்சைப் பூசணம் ஒன்றை ஏவிப் பார்த்தார். அதுவே 'மெட்டாரைசியம்'. பின்னாளில், 1908-ல், வேறு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசில் பங்கு பெற்றவரும் இவர்தான்.

குறை என்னவென்றால், வேகம் போதாது. பூச்சி சாக ஒரு வாரமும் ஆகலாம். அதுவரை அது பயிரைத் தின்னாமலா இருக்கும்? செயின்ட் லெகரும் அவருடைய குழுவினரும் 1996-ல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். புரதம் கரைக்கும் நொதியின் மரபணுவை மெட்டாரைசியத்தில் கூடுதலாகச் சேர்த்தார்கள். புகையிலைப் புழு சாகும் காலம் 25 சதவீதம் குறைந்தது. அது தின்ற தீனியோ 40 சதவீதம் குறைந்தது. கைட்டினேஸை மட்டும் பெருக்கிய சோதனைகளில் ஒரு பூசணத்தில் பலன் தெரிந்தது, மற்றொன்றில் தெரியவில்லை.

எருக்குழியில் ஒரு வேட்டை

தென்னை விவசாயிக்கு இந்தத் தாமதம் அவ்வளவு பெரிய இடைஞ்சல் அல்ல. காண்டாமிருக வண்டு விரியாத குருத்தைக் குடைவதால், பின்னால் விரியும் மட்டை கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் தோன்றும். ஆனால் அதன் புழுக்கள் வாழ்வது மரத்தில் அல்ல, எருக்குழியில். அங்கே இருட்டும் ஈரமும் இருக்கின்றன. வித்தைக் கொல்லும் வெயில் இல்லை. பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்?

அரைவேக்காட்டு அரிசியில் வளர்த்த மெட்டாரைசியத்தைக் கரைத்து எருக்குழியில் ஊற்றிவிடுகிறார்கள். புழு செத்து விறைக்கிறது. சில நாட்களில் அதன் உடம்பெங்கும் பச்சை மாவு பூக்கிறது. அந்த மாவு முழுவதும் வித்து. அடுத்த புழு வந்து உரசும்வரை எருவிலேயே கிடக்கும்.