ஒரு வருஷம் கேட்டுப் போன அம்மாள்

கொல்லிமலை என்றால் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? வல்வில் ஓரி, அறப்பளீசுவரர் கோயில், ஆகாச கங்கை அருவி, பலாச்சுளை, மலைத் தேன் - இவைதானே? இன்று காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பஸ்ஸில் சொகுசாகப் போய்விடுகிறோம். பாதையே இல்லாத காலத்தில், 1913-ம் வருஷம், புதுமணப் பெண்ணாக இந்த மலை ஏறிய ஒரு சீமைப் பெண்மணியைப் பற்றிக் கேளுங்கள்.

அவர் பெயர் ஈவ்லின். லண்டனில் வசதியான வியாபாரியின் மகள். அழகாக ஓவியம் தீட்டுவார். சேந்தமங்கலத்தில் கிறிஸ்தவ ஊழியம் செய்து வந்த ஜெஸ்ஸி பிராண்டை மணந்தார். மலையேற்றமே தேன்நிலவு! டோலியில் போக வேண்டிய பெண், கொட்டும் மழையில் நனைந்தபடி நடந்தே ஏறும்படி ஆயிற்று.

அந்த மலையில் வாழ்கிறவர்களை மலையாளிகள் என்பார்கள். கேரளத்தாருடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்; தமிழ் பேசும் மலைவாசிகள் இவர்கள். மலைக் காய்ச்சலுக்கு அஞ்சி, கீழ்நாட்டார் அங்கே இராத் தங்கவே தயங்கிய காலம் அது. ஜெஸ்ஸி சிறிது வைத்தியம் கற்றவர். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார், பள்ளிக்கூடம் நடத்தினார், தச்சு வேலை கற்றுக் கொடுத்தார். நரம்புச் சிலந்தி என்றொரு கொடுமை இருந்தது. புழு உள்ள தண்ணீரைக் குடித்தால், மாதங்கள் கழித்துக் காலைத் துளைத்துக்கொண்டு நூல் போல் வெளிவரும். புண்ணோடு கிணற்றில் இறங்கினால் தண்ணீர் மறுபடி கெடும். யாரும் இறங்காதபடி கிணற்றுக்குச் சுவர் எழுப்பச் சொல்லிக் கொடுத்தார் ஜெஸ்ஸி. இந்தியா முழுவதும் அந்நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2000-ல்தான்!

ஆனாலும் வெள்ளைக்காரரின் மதத்தை ஜனங்கள் நெருங்கவில்லை. கோயில் பூசாரிக்கும் பிடிக்கவில்லை. ஊர்த் தெய்வத்தை விட்டுவிடு என்று அந்நியர் வந்து சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? 1918-ல் விஷக் காய்ச்சல் உலகையே உலுக்கியபோது அது மலைக்கும் வந்தது. தம்பதிகள் கஞ்சி காய்ச்சி வீடு வீடாக ஊட்டினார்கள். சாகக் கிடந்த பூசாரி, தம் பச்சைக் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள்.

இனி வருவதுதான் தாய்மார்களின் நெஞ்சைத் தொடும். ஈவ்லினுக்குப் பால் என்ற மகன், கான்னி என்ற மகள். மலையில் மரமேறி வளர்ந்த குழந்தைகளைப் படிப்புக்காக 1923-ல் இங்கிலாந்தில் உறவினரிடம் விட்டுவிட்டுத் தம்பதிகள் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது வயது 9. அதன்பின் கடிதங்கள்தாம் உறவு. மலையின் மரங்களையும் பூச்சிகளையும் வர்ணித்துத் தகப்பனார் எழுதுவார். 1929 ஜூனில் கருநீர்க் காய்ச்சல் கண்டு ஜெஸ்ஸி காலமானார். தந்தி பறந்தது, கப்பலில் வந்த கடிதங்களோ பின்தங்கின. இறந்துபோன அப்பாவின் கடிதங்கள் அடுத்தடுத்து அந்தப் பையனுக்கு வந்துகொண்டே இருந்தன. மலைக்குச் செய்த சேவைக்கு அந்தக் குழந்தைகள் கொடுத்த விலை அது. யாரும் அவர்களைக் கேட்டுச் செய்ததல்ல.

விதவையான ஈவ்லின் இந்தியாவுக்கே திரும்பினார். பின்னாளில் அவருடைய சங்கம், வயதாகிவிட்டது, போதும் என்றது. 'ஒரே ஒரு வருஷம்' என்று மன்றாடி 1947-ல் வந்தார். தவணை முடிந்ததும் சங்கத்திலிருந்து விலகிக்கொண்டு நேரே மலைக்குக் குடியேறிவிட்டார்! அப்போது அவருக்கு எழுபதை நெருங்கிய வயது. குதிரையிலேறி ஊர் ஊராகப் போனார். ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு மறுபடி கிளம்பினார்.

மகன் பால் சும்மா இருப்பாரா? அவர் அப்போது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பேர்பெற்ற சர்ஜன்; குஷ்டரோகத்தால் மடங்கிப்போன விரல்களுக்கு அசைவைத் திருப்பித் தந்தவர். மலையை விட்டு வரும்படி தாயை வேண்டினார். அம்மாள் இசையவில்லை. உபயோகிக்காமல் பத்திரப்படுத்தி வைக்கவா உடம்பு என்பது அவர் கட்சி. தம்மிடம் முகம் பார்க்கும் கண்ணாடிகூட வைத்துக்கொள்ளவில்லை.

1974 டிசம்பரில், 95-வது வயதில் அவர் காலமானார். ஜெஸ்ஸியின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். இரண்டு கல்லறைகளுக்கும் நடுவே 45 வருஷம்.

அடுத்த முறை குடும்பத்தோடு கொல்லிமலை போகிறீர்களா? அருவியும் கோயிலும் பார்த்த கையோடு, வாழவந்தியில் அந்த இடத்துக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.