மாங்கூழ் ஆலையும் மா விவசாயியும்

ஊத்தங்கரை, பர்கூர், சந்தூர் பகுதிகளில் மா சாகுபடி செய்யும் விவசாயிகள் 2025 ஜூன் மாதத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். பெங்களூரா கிலோ 5 ரூபாய் அளவுக்கு விழுந்தது. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்குமே அது சரியாகப் போயிற்று. அதே மாதத்தில் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலத்துப் பெங்களூரா அங்கு வரத் தடை விதித்தது. மரத்திலும் தோப்பிலும் காய் வீணாயிற்று.

இதற்குக் காரணம் என்ன?

தொழில் முனைவோர் பெருகினால் நாடு முன்னேறும் என்பது பொருளாதார அறிஞர் கருத்து. இருக்கும் பொருளைப் புது வழியில் பயன்படுத்திப் புதுச் சந்தை காண்பவரே தொழில் முனைவோர் என்று ஷும்பீட்டர் என்பார் 1911-ல் விளக்கினார். மாங்கூழ் இதற்கு நல்ல சான்று. சுவையில் அல்போன்சாவுக்கு ஈடாகாத பெங்களூராவைக் கூழாக்கி, அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பலாம் என்று கண்டவர்கள் கிருஷ்ணகிரியிலும் சித்தூரிலும் ஆலை வைத்தார்கள். நாட்டுக்கு அந்நியச் செலாவணி கிடைத்தது. பழம் தரம் பிரிக்கும் பெண்களுக்கும் லாரி ஓட்டுபவர்களுக்கும் வேலை கிடைத்தது. நமது தோப்புகளும் விரிந்தன.

ஆனால் கூழ் ஓராண்டுக்கு மேல் கெடாது. கிருமி நீக்கிப் பையில் அடைத்துப் பீப்பாயில் வைத்துவிடுவார்கள். சென்ற ஆண்டுக் கூழ் விற்காமல் தேங்கினால், இந்த ஆண்டு ஆலை குறைவாகவே பழம் வாங்கும். பழமோ பறித்தபின் சில நாள்தான் தாங்கும். எனவே காத்திருக்கும் வசதி ஆலைக்கு உண்டு, நமக்கு இல்லை. மண்டியில் பேரம் பேசி இதை மாற்ற முடியாது.

விவசாயிகளும் சிறு அளவிலாவது தொழில் முனைவோராக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஆலை கட்டச் சொல்லவில்லை. ஏப்ரல், மே காற்றில் உதிரும் காய்களை உலர்த்தி மாங்காய்ப் பொடி செய்யலாம். புளிப்பு மிகுந்த நாட்டுக் காய் இதற்குச் சிறந்தது; பெங்களூராவில் முற்றாத காயாக எடுக்கவும். தோல் சீவி, மெல்லிய துண்டுகளாக நறுக்கி உலர்த்த வேண்டும். இரும்புக் கத்தி கூடாது, துண்டு கறுத்துவிடும். எவர்சில்வர் கத்தியே ஏற்றது. 10 கிலோ காய்க்கு ஏறக்குறைய 1 கிலோ உலர்ந்த துண்டு கிடைக்கும். ஈரம் படாமல் காற்றுப் புகாத பையில் அடைக்கவும்.

வட இந்தியச் சமையலில் புளிக்குப் பதில் இப்பொடியைச் சேர்ப்பார்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் அத்தகைய உணவு விடுதிகள் பல உள்ளன. முதலில் சிறிதளவு மாதிரி செய்து அங்கே காட்டி, வாங்குபவர் கிடைத்த பிறகே அதிகக் காயை நறுக்க வேண்டும். விற்பனைக்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது அவசியம்.