முடிவு தெரிந்தும் போருக்குப் போகும் தேவர்கள்!

தேவர்களுக்குச் சாவு இல்லை என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. அமிர்தம் உண்டவர்கள் ஆயிற்றே!

ஆனால், ஐரோப்பாவின் வடகோடியில் வேறு விதமான தேவர்கள் இருந்தார்கள். அவர்களும் பிறந்தார்கள், காதலித்தார்கள், சண்டை போட்டார்கள், ஏமாந்தும் போனார்கள். ஒரு நாள் போர்க்களத்தில் மடியப் போகிறோம் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் ஓடி ஒளியவில்லை.

நார்வே, ஸ்வீடன், டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய நாடுகளில் கிறிஸ்தவ மதம் பரவுவதற்கு முன் மக்கள் வணங்கிய தெய்வங்கள் இவர்கள்.

இந்தத் தெய்வங்களின் பெயரைத் தினமும் உலகம் உச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆங்கிலக் காலண்டரைப் பாருங்கள். செவ்வாய்க்கு ‘டியூஸ்டே’ என்று பெயர். அது டீர் என்ற தேவனின் நாள். ‘வெட்னஸ்டே’ ஓடினின் நாள். ஆங்கிலேயர் அவனை வோடன் என்று அழைத்தார்கள். ‘தர்ஸ்டே’ இடிக் கடவுளான தோரின் நாள். ‘பிரைடே’ ஓடினின் மனைவி பிரிக் தேவியின் நாள்.

ஒன்பது உலகம், ஒரே மரம்

வடநாட்டாரின் பிரபஞ்சம் ஒரு பெரிய மரம். இக்டிராசில் என்று பெயர். ஒன்பது உலகங்கள் அந்த மரத்தை ஒட்டியே இருக்கின்றன. தேவர்களின் ஊர் அஸ்கார்டு. மனிதர்கள் வாழ்வது மிட்கார்டு. ராட்சதர்களின் நாடு ஜோட்டுன்ஹைம்.

மரத்தின் உச்சியில் ஒரு கழுகு; அடியில் ஒரு பாம்பு. இரண்டுக்கும் ஓயாத பகை. இது திட்டுவதை அதனிடமும், அது திட்டுவதை இதனிடமும் கொண்டுபோய்க் கோள் சொல்வதற்கென்றே ஓர் அணில் மரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது!

கீழே இருக்கும் பாம்பு சும்மா இருப்பதில்லை. வேரைக் கடித்துக்கொண்டே இருக்கிறது. உலகத்தைத் தாங்கும் மரமே நாளுக்கு நாள் அரிக்கப்பட்டு வருகிறது என்பதுதான் அந்த மக்களின் நம்பிக்கை.

கண்ணைக் கொடுத்த ஓடின்

தேவர்களுக்குத் தலைவன் ஓடின். அவனுக்கு ஒற்றைக் கண். மற்றொரு கண் எங்கே போயிற்று?

மரத்தின் வேரடியில் மிமிர் என்பவனின் ஊற்று இருந்தது. அதன் நீரைக் குடித்தால் அறிவு பெருகும். ஓடின் ஒரு வாய் கேட்டான். “ஒரு கண்ணைக் கொடு” என்றான் மிமிர். ஓடின் தயங்காமல் கண்ணைக் கொடுத்துவிட்டுக் குடித்தான்.

அவன் அறிவுத் தாகம் அதோடு அடங்கவில்லை. ஈட்டியால் தன் உடலைத் தானே குத்திக்கொண்டு, ஒன்பது இரவுகள் சோறு தண்ணீர் இல்லாமல் மரத்தில் தொங்கினான். அதன் பலனாக ‘ரூன்’ என்ற எழுத்துக்களின் ரகசியம் அவனுக்குக் கிடைத்தது. அவனிடம் இரண்டு அண்டங்காக்கைகள் உண்டு. ஒன்றின் பெயர் ‘எண்ணம்’, மற்றொன்று ‘நினைவு’. தினமும் உலகைச் சுற்றி வந்து, கண்டதையெல்லாம் அவன் காதில் ஓதும்.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற அறிவு அவனுக்கு எதைச் சொல்லிற்று? தேவர்கள் அழியப் போவதைத்தான்! குறி சொல்லும் ஒரு பெண்ணை அழைத்துக் கேட்டபோது, அவளும் அந்த அழிவு முழுவதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

அன்று முதல் ஓடின் படை திரட்டத் தொடங்கினான். போரில் வீழ்ந்த வீரர்களைப் பொறுக்கி எடுத்து ‘வல்ஹல்லா’ என்ற மாளிகையில் சேர்த்தான். அந்த மாளிகைக்கு 540 வாசல்கள். வீரர்கள் பகலில் ஒருவரை ஒருவர் வெட்டிச் சாய்ப்பார்கள். மாலையில் எழுந்து ஒரே பந்தியில் உட்கார்ந்து பன்றிக் கறியும் தேன் மதுவும் சாப்பிடுவார்கள். எல்லாம் கடைசிப் போருக்கான பயிற்சி!

கையைக் கொடுத்த டீர்

தேவர்களோடு சேர்ந்து வாழ்ந்தவன் லோகி. ராட்சத குலத்தவன். தந்திரக்காரன். இக்கட்டில் உதவுவான், இக்கட்டை உண்டாக்குவதும் அவனே. அவனுக்கு ஒரு ராட்சசியிடம் பயங்கரமான மூன்று குழந்தைகள் பிறந்தன. ஒன்று உலகையே வளைத்துக்கொண்டு கடலில் கிடக்கும் பாம்பு. மற்றொன்று இறந்தவர்களின் உலகை ஆளும் ஹெல். இன்னொன்று பென்ரிர் என்னும் ஓநாய்.

ஓநாயைத் தேவர்கள் வீட்டிலேயே வளர்த்தார்கள். அது மலை போல் வளர்ந்தது. அருகில் போய்த் தீனி வைக்க டீர் ஒருவனுக்கே துணிவு இருந்தது. அதனால் ஆபத்து வரும் என்று தெரிந்தும், புனிதமான இடத்தில் ரத்தம் சிந்தக் கூடாது என்று அதைக் கொல்லாமல், கட்டிப் போட முயன்றார்கள். இரண்டு சங்கிலிகளை அது அறுத்து எறிந்தது.

மூன்றாவதாகக் குள்ளர்கள் ஒரு கயிறு திரித்துக் கொடுத்தார்கள். எதைக் கொண்டு தெரியுமா? பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில்! பட்டு நாடா போல் மெல்லியது அந்தக் கயிறு.

ஓநாய்க்குச் சந்தேகம் வந்தது. “இதில் சூது இல்லை என்றால், உங்களில் ஒருவர் என் வாயில் கையை வையுங்கள்” என்றது. தேவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டீர் தன் வலக் கையை நீட்டினான்.

கயிறு இறுகியது. ஓநாய் திமிறத் திமிற இன்னும் இறுகியது. தேவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டீர் சிரிக்கவில்லை. அவன் கை போய்விட்டது.

தேவர்கள் பிழைத்தார்கள், ஆனால், பொய்ச் சத்தியம் செய்து பிழைத்தார்கள். அதற்கு விலை கொடுத்தவன் டீர் மட்டுமே.

அழ மறுத்த கிழவி

ஓடினுக்கும் பிரிக்குக்கும் பிறந்த பால்டர் எல்லோருக்கும் செல்லப் பிள்ளை. தான் சாவது போல் அவனுக்குக் கனவு வந்தது. தாய் பதறிப் போனாள். நெருப்பு, நீர், இரும்பு, கல், மரம், நோய், விலங்கு, பாம்பு என்று எல்லாவற்றிடமும் “என் பிள்ளையைத் தொடமாட்டேன்” என்று சத்தியம் வாங்கினாள். ஒரு சின்னப் புல்லுருவியிடம் மட்டும் வாங்கவில்லை. ‘பிஞ்சுச் செடிதானே’ என்று விட்டுவிட்டாள்.

லோகி பெண் வேடத்தில் வந்து அந்த ரகசியத்தைக் கறந்தான். தேவர்கள் பால்டர் மேல் கல்லும் ஈட்டியும் எறிந்து, காயம் படாததைக் கண்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவன் தம்பி ஹோட் குருடன், ஒதுங்கி நின்றான். லோகி அவன் கையில் புல்லுருவிக் குச்சியைக் கொடுத்து, திசையையும் காட்டினான். குச்சி பாய்ந்தது. பால்டர் செத்து விழுந்தான்.

“உலகில் உள்ள எல்லாமே அவனுக்காக அழுதால் திருப்பி அனுப்புகிறேன்” என்றாள் ஹெல். மனிதர் அழுதார்கள், விலங்குகள் அழுதன, கல்லும் உலோகமும் கூடக் கண்ணீர் விட்டன. ஒரு குகையில் இருந்த ராட்சதக் கிழவி மட்டும் மாட்டேன் என்றாள். லோகியே அந்தக் கிழவியாக வந்தான் என்று சொல்வார்கள். பால்டர் திரும்பவில்லை.

லோகி பிடிபட்டான். பாறையில் கட்டப்பட்டான். தலைக்கு மேல் ஒரு பாம்பு விஷத்தைச் சொட்டுகிறது. அவன் மனைவி சிகின் அதைக் கிண்ணத்தில் ஏந்துகிறாள். கிண்ணத்தைக் கொட்டப் போகும் நேரத்தில் விஷம் அவன் முகத்தில் விழ, துடிக்கிறான். பூகம்பம் வருவது அதனால்தானாம்!

கடைசிப் போர்

முதலில் மூன்று குளிர்காலங்கள், இடையில் கோடையே இல்லாமல் வரும். அண்ணன் தம்பியைக் கொல்வான். ஓர் ஓநாய் சூரியனை விழுங்கும்.

இது வெறும் கற்பனை அல்ல என்று கருதும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. கி.பி. 536-ல் எரிமலை ஒன்று வெடித்து, அதன் தூசி சூரிய ஒளியைப் பல மாதங்கள் மங்கச் செய்தது. சில ஆண்டுகளில் இன்னொரு வெடிப்பு. ஸ்வீடனிலும் நார்வேயிலும் பல குடியிருப்புகள் பாழடைந்தன. அந்தப் பஞ்சத்தின் நினைவே கதையில் தங்கியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

காவல்காரன் ஹைம்டால் கொம்பை ஊதுவான். கட்டுகள் எல்லாம் அறும். ஓடினை ஓநாய் விழுங்கும். சம்மட்டி ஏந்திய தோர் கடற்பாம்பைக் கொன்று, அதன் விஷத்தால் ஒன்பது அடி நடந்து சாய்வான். டீர் ஒரு வேட்டை நாயோடு மோதி மடிவான். லோகியும் ஹைம்டாலும் ஒருவரை ஒருவர் கொல்வார்கள்.

ஓடினின் மகன் விடார், ஓநாயின் கீழ்த் தாடையை மிதித்து வாயைக் கிழிப்பான். அதற்கு அவன் போட்டிருக்கும் செருப்பு, மனிதர்கள் செருப்பு தைக்கும்போது வெட்டி எறியும் தோல் துண்டுகளால் ஆனது. ஆகையால், தேவர்களுக்கு உதவ நினைப்பவர் அந்தத் துண்டுகளைத் தூர எறிய வேண்டும் என்பார்கள். ஏழைச் சக்கிலியும் தேவர்களின் போருக்குத் தன் பங்கைக் கொடுக்கலாம்!

எல்லாம் எரிந்த பின் கடலிலிருந்து பசுமையான பூமி மீண்டும் எழும். பால்டரும் ஹோட்டும் திரும்பி வந்து ஒன்றாக உட்காருவார்கள். மரத்தில் ஒளிந்து தப்பிய ஓர் ஆணும் பெண்ணும் மனித குலத்தை வளர்ப்பார்கள்.

45 ஏடுகளில் பிழைத்தவர்கள்

கதையில் ஓநாய் தேவர்களைக் கொன்றது. சரித்திரத்தில் மதமாற்றம் அவர்களை மறக்கடிக்க இருந்தது. டென்மார்க்கில் 10-ம் நூற்றாண்டு அச்சு ஒன்று கிடைத்திருக்கிறது. சிலுவையும் தோரின் சம்மட்டியும் ஒரே கல்லில் குடையப்பட்டிருக்கின்றன. வாங்க வருகிறவர் எந்த மதத்தவராயினும் வியாபாரம் நடக்க வேண்டும் அல்லவா! கி.பி. 1000-ஐ ஒட்டி ஐஸ்லாந்து கிறிஸ்தவத்தை ஏற்றது.

அதற்கு 200 ஆண்டுகளுக்குப் பின் ஸ்னோரி ஸ்டர்லுசன் என்ற ஐஸ்லாந்துப் பிரமுகர் இந்தக் கதைகளைத் திரட்டி எழுதினார். அவர் கிறிஸ்தவர். பழைய தேவர்களை அவர் கும்பிடவில்லை. ஆனால், கதை மறந்தால் கவிதையும் செத்துவிடும் என்று கண்டார். பழம் புலவர்கள் தங்கத்தைச் ‘சிப்பின் கூந்தல்’ என்பார்கள். தோரின் மனைவி சிப்பின் தலைமுடியை லோகி கத்தரித்ததும், அதற்கு ஈடாகப் பொன் கூந்தல் வந்ததும் தெரியாதவனுக்கு இது எப்படிப் புரியும்? இளம் புலவர்களுக்காகவே அவர் எழுதினார். 1241-ல் அரசியல் பகையில் தம் வீட்டு நிலவறையிலேயே கொலையுண்டார்.

பழம் பாடல்களைக் கொண்ட தோல் சுவடி ஒன்று 1643-ல் ஓர் ஐஸ்லாந்துப் பிஷப்பின் கைக்கு வந்தது. அளவில் சிறியது, எஞ்சியவை 45 ஏடுகள், எட்டு ஏடுகள் காணாமல் போய்விட்டன. ஓடின் தொங்கிய கதையும், குறி சொன்ன பெண்ணின் வாக்கும் அதில்தான் உள்ளன. பிஷப் அதை டென்மார்க் மன்னருக்கு அனுப்பினார். சுவடி 300 ஆண்டுகள் கடல் கடந்து இருந்தது.

1971 ஏப்ரல் 21-ந் தேதி ஒரு டேனிஷ் கடற்படைக் கப்பல் ரெய்க்யவிக் துறைமுகத்துக்கு அந்தச் சுவடியைக் கொண்டு வந்தது. அரசனோ ராணியோ வரவில்லை. ஒரு பழைய புத்தகம் வந்தது. அதைப் பார்க்க ஜனங்கள் துறைமுகத்தில் திரண்டு நின்றார்கள்.

1972-ல் அந்தத் தீவில் பழைய தேவர்களை வணங்க ஒரு சங்கம் ஏற்பட்டது. மறு ஆண்டே அரசு அதை ஒரு மதமாக அங்கீகரித்தது. கடைசிப் போரில் மாண்டு போவதாகச் சொல்லப்பட்ட தேவர்களுக்கு, இன்று மீண்டும் பூசை நடக்கிறது.