கைபேசியைத் திறக்குமுன் ஒரு கணம்

மருத்துவமனையின் இரவு நீண்டது. விளக்குகள் அணைந்த பின்னும் வார்டுகளில் சிறு ஒளிகள் தெரிகின்றன. நோயாளியின் தலைமாட்டிலும், தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் உறவினரின் கையிலும் கைபேசி விழித்திருக்கிறது. சிலர் அதில் ஞானப்பாட்டு கேட்கின்றனர். சிலர் தொலைவிலுள்ள பிள்ளைகளின் முகம் காண்கின்றனர். அது நற்கருவியே. ஆயினும், கட்டிலோரம் ஜெபிக்கச் செல்லும் நாங்கள், அதே கருவியால் விளையும் தீங்கையும் கண்டிருக்கிறோம்.

சர்க்கரை நோயுள்ள தாயார் ஒருவர் சில மாதங்களுக்குமுன் நினைவிழந்த நிலையில் இங்கே கொண்டுவரப்பட்டார். மருந்தை நாடுவது அவிசுவாசம் என்று போதகர் ஒருவர் பேசிய காணொலியை உறவினர் அவருக்கு அனுப்பியிருந்தார். அதைக் கேட்டு அவர் இன்சுலினை நிறுத்திவிட்டார். இன்சுலின் தேவைப்படுவோர் அதைத் திடீரென நிறுத்தினால் இரத்தத்தில் சர்க்கரையும் அமிலமும் பெருகி, உயிருக்கே ஆபத்து நேரலாம். கர்த்தரின் கிருபையாலும் மருத்துவர்களின் உழைப்பாலும் அவர் பிழைத்தார். கண்விழித்தபின் எங்களிடம் கேட்டது ஒன்றே: "என் விசுவாசம் குறைந்துபோயிற்றா, ஐயா?"

அவருக்கு எசேக்கியா ராஜாவின் சரிதையை வாசித்துக் காண்பித்தோம். சாகும் தறுவாயில் ராஜா கண்ணீரோடு ஜெபித்தார், கர்த்தர் செவிகொடுத்தார். அந்தச் செய்தியைக் கொண்டுவந்த ஏசாயா தீர்க்கதரிசியே, கட்டியின்மேல் அத்திப்பழத்தால் பற்றுப்போடவும் சொன்னார். ஜெபமும் மருந்தும் அங்கே ஒரே அறையில் இருந்தன. பவுலோடு ஊழியம் செய்த லூக்காவும் வைத்தியரே.

ஆகவே, நாம் பார்ப்பவற்றையும் கேட்பவற்றையும் சோதித்தறிவது விசுவாசத்துக்கு விரோதமன்று. பெரோயா பட்டணத்தார் பவுலின் போதனையையே நாள்தோறும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். அப்போஸ்தலரின் சொல்லுக்கே அச்சோதனை தகுமாயின், முகமறியாதவரின் காணொலிக்குத் தகாதோ? பிலிப்பியர் நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில், நம் சிந்தைக்கு உரியவற்றைப் பவுல் வரிசைப்படுத்துகிறார். அவ்வரிசையில் உண்மையே முதலில் நிற்கிறது.

நாம் கைக்கொள்ளத்தக்க பழக்கங்கள் சில உண்டு. மருத்துவச் செய்தி வந்தால், சொன்னவர் யார், எப்போது சொன்னார், நம் மருத்துவர் இதை ஏற்பாரா என்று கேட்போம். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியுடன் வரும் செய்தி, குறைந்தது 5 கைகள் மாறி வந்தது. முதலில் எழுதியவரை நாம் அறியோம். பொய்ச்சாட்சியை விலக்கும் கற்பனை, நாம் பிறருக்கு அனுப்பும் செய்திக்கும் பொருந்தும். ஜெபக்குறிப்பு என்ற பெயரிலும் நோயாளியின் படத்தை அவர் அனுமதியின்றிப் பகிரலாகாது.

காலையில் செய்திகளைத் திறக்குமுன் ஒரு சங்கீதம் வாசிப்போம். இரவு 9 மணிக்குமேல் கைபேசியைக் கைக்கெட்டாத இடத்தில் வைப்போம். திரையின் வெளிச்சம், உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பதைத் தாமதப்படுத்துகிறது. காயம் ஆறவோ உறக்கம் வேண்டும். சோர்ந்துபோன எலியாவுக்குக் கர்த்தர் முதலில் அருளியவை உறக்கமும் அப்பமும் தண்ணீருமே. மெல்லிய சத்தம் பின்னரே வந்தது.

ஏதேனும் ஒரு செய்தியை நம்பி மருந்தை நீங்கள் நிறுத்தியிருந்தால், இன்றே செவிலியரிடம் சொல்லுங்கள். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

வீடு திரும்பும் நாளில், அத்தாயார் காணொலியை அனுப்பிய உறவினரை அழைத்துப் பேசினார். கடிந்துகொள்ளவில்லை. தாம் நாள்தோறும் ஜெபித்து இன்சுலின் போட்டுக்கொள்வதாக மட்டும் சொன்னார்.