பீலித் தண்ணீருக்கு முருங்கை விதை போதுமா?

ஒக்டோபர் மழை தொடங்கிவிட்டால் பசறை, ஹப்புத்தளைப் பக்கத் தோட்டங்களில் பீலித் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும். இரவு முழுக்க வாளியில் வைத்தாலும் தெளியாது. முருங்கை விதை போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள் சிலர். பாட்டி வைத்தியம் என்று ஒதுக்குகிறார்கள் வேறு சிலர். இரு சாராரும் பாதிதான் சரி என்பேன்.

ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள களிமண் துணிக்கை, மணித்தியாலத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர்தான் அமிழும். ஓர் அடி ஆழ வாளியின் அடியைத் தொட அதற்கு நான்கு நாள் வேண்டும். அதைவிட நுண்ணிய நனோ துணிக்கைகளோ தண்ணீர் மூலக்கூறுகள் முட்டித் தள்ளுவதால் மிதந்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, இவையெல்லாம் மறை ஏற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளுமே தவிர ஒட்டாது.

முருங்கைப் பருப்பை அரைத்துக் கரைத்தால் அதிலிருந்து சில நனோமீற்றர் அளவுள்ள புரதம் தண்ணீரில் இறங்குகிறது. அது நேர் ஏற்றம் கொண்டது. களிமண்ணோடு ஒட்டி, துணிக்கைகளைக் கட்டியாக்குகிறது. அளவு பத்து மடங்கானால் அமிழும் வேகம் நூறு மடங்காகும் என்பது ஸ்டோக்ஸின் விதி. இந்தக் கட்டிகள் பஞ்சு போன்றவை என்பதால் அவ்வளவு வேகம் வராது. ஆனாலும் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் தண்ணீர் தெளியும். சூடானியப் பெண்கள் நைல் நதிநீரை இப்படித் தெளியவைத்ததை சாமியா அல் அஸ்ஹரியா ஜான் என்ற ஜெர்மனிய ஆய்வாளர் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

நன்றாகக் கலங்கிய தண்ணீருக்கு லீற்றருக்கு ஒரு விதை. முற்றிக் காய்ந்த விதையாக இருக்கவேண்டும். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பிறகு ஐந்து பத்து நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: தொடர்ந்து வேகமாகச் சுழற்றினால் சேர்ந்த கட்டி உடைந்துவிடும். மலைக்குளிரும் ஒரு காரணம். 30 பாகையில் இருப்பதைவிட 15 பாகையில் தண்ணீரின் பிசுக்குமை சுமார் 40 வீதம் கூடுதல். எனவே ஹப்புத்தளையில் இன்னும் கொஞ்சம் பொறுக்கவேண்டும்.

தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் அல்ல. கிருமிகளில் ஒரு பகுதி மண்ணோடு அமிழ்ந்தாலும் மீதி இருக்கும்; கொதிக்கவைத்தே ஆகவேண்டும். கரைந்திருக்கும் களைநாசினியை இது அகற்றும் என்று நம்பவே கூடாது. விதையின் சேதனப் பொருள் தங்குவதால் மறுநாள் நாறும். அன்றைக்கு வேண்டியதை அன்றே தெளியவைத்து, வண்டலைக் கலக்காமல் மேல்நீரைத் துணியில் வடித்து எடுங்கள்.